பீரோ சாவி யார் கையில்? எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் பள்ளி நூலகம்

தலைமை ஆசிரியர் அறையின் ஓரத்தில் ஓர் இரும்பு பீரோ. கண்ணாடிக் கதவு என்றால் புத்தகங்களின் முதுகாவது தெரியும். தகரக் கதவு என்றால் அதுவும் இல்லை. நெற்றியில் வெள்ளை பெயின்ட்டில் ‘நூலகம்’ என்று எழுதியிருக்கும். அதன் தலையில் விளையாட்டு விழாவில் ஜெயித்த கோப்பைகள். சாவி ஓர் ஆசிரியரிடம். அவர் அன்றைக்கு லீவு என்றால் நூலகமும் லீவு.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படித்துவிட்டு இன்றைக்கு ஐ.டி. கம்பெனியிலோ வங்கியிலோ உட்கார்ந்திருக்கும் பலருக்கு, பள்ளி நூலகம் என்றதும் நினைவுக்கு வருவது இந்த பீரோதான். எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்ல முடியாது. தனி அறை, நீளமான மேசை, மதிய இடைவேளையில் கூட்டம், வீட்டுக்கு எடுத்துப்போக நோட்டில் ஒரு கையெழுத்து என்று நடக்கும் பள்ளிகளும் உண்டு. விசாரித்துப் பார்த்தால் அங்கே ஒரு தமிழாசிரியரோ வரலாற்று ஆசிரியரோ சொந்த ஆர்வத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். அவர் மாறுதலாகிப் போனால் நூலகமும் அவரோடு கிளம்பிவிடும்.

ஆக, 9 முதல் 12 வரை படிக்கும் ஒரு மாணவருக்கு நல்ல நூலகம் கிடைப்பது உரிமையா, அதிர்ஷ்டமா? இப்போதைக்கு அதிர்ஷ்டம்தான். அதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

14 வயதில் நிற்கும் கோடு

2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் பின்னிணைப்பில், ஒரு பள்ளியில் என்னென்ன இருந்தே ஆக வேண்டும் என்று ஓர் அட்டவணை உண்டு. கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல் வரிசையில் நூலகமும் வருகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்கள் இருக்க வேண்டும், கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும். ‘கதைப் புத்தகங்களும்’ என்று தனியாக எடுத்துச் சொல்லியிருப்பதைக் கவனிக்கலாம். எழுதியவர்களுக்குப் பள்ளிக்கூடங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லை 6 முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்ததும் நூலகம் ‘இருக்க வேண்டியது’ என்ற இடத்திலிருந்து ‘இருந்தால் நல்லது’ என்ற இடத்துக்கு இறங்கிவிடுகிறது.

மாநில அரசின் திட்டங்களும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் ஓடுகின்றன. 2022-ல் தொடங்கிய ‘தேன்சிட்டு’ இதழ் 6 முதல் 9 வரையிலான மாணவர்களுக்கு. 2023-ல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனுக்கேற்ப சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. இரண்டும் நல்ல முயற்சிகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘பற’ வரைக்கும் வந்த பிள்ளை அடுத்து எங்கே போகும்? பத்தாம் வகுப்பில் அதன் கையில் இருப்பது ஒன் மார்க் வினா வங்கி.

பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது தமிழ்நாட்டில் மீம் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. லைப்ரரி பீரியட் கடன் போனதற்கு மீம்கூடக் கிடையாது. ஏன்னா, அப்படி ஒரு பீரியட் கால அட்டவணையில் இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்படி என்னதான் கிடைக்கும் அங்கே?

முதலில், பாடப்புத்தகம் தானே கேட்கும் புத்தகங்கள். 2018-19 முதல் படிப்படியாக வந்த புதிய பாடத்திட்டத்தின் உயர்வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களில் இயல் முடிவில் ‘அறிவை விரிவு செய்’ என்று ஒரு சின்னப் பகுதி வரும். இந்தப் பாடம் பிடித்திருந்தால் இந்தப் புத்தகங்களையும் படி என்று நூலும் ஆசிரியர் பெயருமாக இருக்கும். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் யோசித்துத்தான் தயாரித்திருக்கிறார்கள். ஆனால் அது தேர்வுக்கு வராது. அதனால் வகுப்பில் யாரும் அந்தப் பக்கத்தில் நிற்பதில்லை. நின்றாலும், அந்தப் புத்தகம் பள்ளியில் இருக்குமா? ஒரு பள்ளி நூலகம் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான பாடநூல்கள் கைகாட்டும் நூல்களை மட்டும் வாங்கி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, பார்வை நூல்கள். தமிழுக்கு 10 தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954-ல் முதல் தொகுதியை வெளியிட்டு 1968-ல் முடித்தது. கையோடு குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு 10 தொகுதி, 1968 முதல் 1976 வரை. இன்றைக்கு அதில் பல தகவல்கள் பழசுதான். ஆனால் களஞ்சியத்தைப் புரட்டும் பழக்கம் வேறு எதிலும் வராது. ‘எரிமலை’ தேடப் போன பையன் ‘எலி’யில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அந்த அரை மணி நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது. பல பேருக்கு ஒரு துறையின் மேல் ஆசை வந்தது அப்படித்தான். 1992-ல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மாதிரி ஒன்று மேசையிலேயே கிடந்தால், ‘மிஸ், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும்.

கூச்சம் என்றதும்தான் நூலகத்தின் முக்கியமான பயன் ஒன்று வருகிறது. 14 முதல் 17 வரையிலான வயதில் யாரிடமும் கேட்க முடியாத கேள்விகள்தான் அதிகம். உடம்பில் என்ன நடக்கிறது, மனசு ஏன் இப்படி இருக்கிறது, சாதி என்றால் என்ன, அப்பா ஏன் அந்தத் தெருவுக்குப் போகாதே என்கிறார், வீட்டுக் கடன் எப்படி வட்டியாகிறது, கல்யாணத்துக்குச் சட்டப்படி வயது என்ன, பன்னிரண்டு முடித்தால் டாக்டர், இன்ஜினீயர் தவிர என்ன இருக்கிறது. இவற்றை வகுப்பில் எழுந்து கேட்க முடியாது. வீட்டில் கேட்டால் கேள்விக்குப் பதில் இன்னொரு கேள்விதான் வரும். அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு புத்தகம் இருந்தால், யாருக்கும் காரணம் சொல்லாமல் எடுத்துப் புரட்டலாம். பூட்டிய பீரோ என்றால் சாரிடம் போய்ப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கேயே கதை முடிந்தது.

இடம் என்ற விஷயமும் இருக்கிறது. இரண்டு அறை வீட்டில், டி.வி. சத்தத்துக்கு நடுவில் படிக்கும் பிள்ளைக்கு அமைதியான ஒரு மேசையே பெரிய வசதி. ஊரில் பொது நூலகம் இருக்கிறதே என்று சொல்லலாம். பையன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண் பிள்ளையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிளை நூலகத்துக்கு அனுப்பும் வீடுகள் எத்தனை? பல மாணவிகளுக்கு வாழ்க்கையில் எளிதாகப் போகக்கூடிய ஒரே நூலகம் பள்ளிக்குள் இருப்பதுதான். அது பூட்டியிருந்தால் அவர்களுக்கு வேறு நூலகம் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றாலே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதலாம். அதற்குத் தயாராகும் இளைஞர்களால் மாவட்ட மைய நூலகங்கள் காலையிலிருந்தே நிரம்பி வழிகின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதாவது 22 வயதில், வேலைக்கான பரீட்சை நெருக்கும்போது, நம் பிள்ளைகள் நூலகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்போதும் அலமாரியைத் தொடுவதில்லை, மேசையையும் ஃபேனையும்தான் பயன்படுத்துகிறார்கள். தப்பு அவர்கள்மீது இல்லை. அலமாரிக்கு முன்னால் நின்று தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைப் பழக வேண்டிய வயதில் அலமாரி பூட்டியிருந்தது.

‘எல்லாம் போன்லயே இருக்கே?’

நியாயமான கேள்வி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் உட்பட ஆயிரக்கணக்கான தமிழ்ப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து தட்டச்சு செய்து ஏற்றி வைத்திருக்கிறது. பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்துவிட்டது. பள்ளி நூலகத்தில் இருப்பதைவிட போனில் புத்தகம் அதிகம், அதில் சந்தேகமில்லை.

ஆனால் போன் கேட்டதைத்தான் கொடுக்கும். என்ன கேட்பது என்று தெரியாத வயதில் அது பெரிய குறை. போதாததற்கு, கேட்காமலேயே அது கொடுப்பது ரீல்ஸ். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு ஒன்பதுக்குத்தான் திரும்பி வரும் என்ற குடும்பங்கள் கொரோனா கால ஆன்லைன் வகுப்புகளின்போது எல்லோர் கண்ணிலும் பட்டன. அந்தக் குடும்பங்கள் இப்போதும் அங்கேயேதான் இருக்கின்றன.

நூலகம் கற்றுக்கொடுக்கும் ஒரு சின்ன வேலை போனுக்கும் உதவும். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் யார் எழுதியது, எந்த வருஷம், யார் வெளியிட்டது, கடைசியில் பொருளடைவு இருக்கிறதா என்று பார்க்கப் பழகுவது. இதைப் பத்துப் புத்தகத்தில் செய்து பழகிய பிள்ளை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘நாசா விஞ்ஞானிகளே வியந்த’ என்று தொடங்கும் ஃபார்வர்டைப் பார்த்ததும் அதே கேள்வியைக் கேட்கும். ‘யாரு சொன்னது? எப்போ?’ இந்தப் பழக்கத்தை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மாற்றிச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பிறகு ஏன் பூட்டு?

பணம் இல்லை என்பது வழக்கமான பதில். அதில் பாதி உண்மை. 2018-19-ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் நூலக மானியம் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 ரூபாயில் தொடங்கி அதிகபட்சம் 20,000 ரூபாய் வரை. 800 பேர் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு முழுத்தொகையும் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு மாணவருக்கு 25 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை.

குறைவுதான். ஆனால் 200 ரூபாய்ப் புத்தகமாக வாங்கினால்கூட வருஷத்துக்கு 100 புத்தகம், பத்து வருஷத்தில் 1,000. பிள்ளைகள் கையில் சுற்றினால் 1,000 புத்தகம் சின்ன நூலகம் இல்லை. பல பள்ளிகளின் பீரோவில் இப்போதே அந்த அளவுக்குப் புத்தகம் இருக்கும். சிக்கல், அவை வெளியே வருவதில்.

ஆசிரியர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான். ‘புக்கு தொலைஞ்சா யார் பதில் சொல்றது?’ ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. தணிக்கை வரும்போது, ஓய்வு பெறும்போது, மாறுதலில் பொறுப்பை ஒப்படைக்கும்போது கணக்கு நேராக வேண்டும். நூலகப் பொறுப்புக்குத் தனிச் சம்பளமோ பாடவேளைச் சலுகையோ இல்லாத ஒருவர், கைப்பணத்தைக் கட்ட நேருமோ என்று பயந்தால் என்ன செய்வார்? பூட்டுவார். அவரைக் குற்றம் சொல்வது சுலபம், நியாயம் இல்லை.

இந்த பயத்துக்கு ஒரு மருந்து மத்திய அரசின் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பொது நிதி விதிகள் 2017-ன் 215-வது விதி நூலகப் புத்தகங்களைச் சரிபார்ப்பது பற்றியது. ஓர் ஆண்டில் வழங்கப்படும் அல்லது எடுத்துப் பார்க்கப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவது நியாயமான இழப்பு என்று அது ஒப்புக்கொள்கிறது. மோசடியோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மற்றபடி யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கின் அழகைப் பாருங்கள். எத்தனை புத்தகம் அலமாரியில் இருக்கிறது என்பதற்கு அல்ல, எத்தனை புத்தகம் கைமாறியது என்பதற்குத்தான் இந்தச் சலுகை. நிறைய கொடுத்தால் நிறைய தொலைக்கலாம். பூட்டி வைத்தால் ஒன்றுகூடத் தொலைக்க முடியாது.

இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. மாநில அரசுப் பள்ளிகளுக்கும் இதே போல, ஆசிரியர்களுக்குப் புரியும் தமிழில், ஒரு பக்கச் சுற்றறிக்கையாகப் பள்ளிக்கல்வித் துறை அனுப்பி ஒவ்வொரு பீரோவிலும் ஒட்டச் சொல்லலாம். ஒரு ரூபாய் மானியம் கூட்டாமல் புத்தகங்களை வெளியே கொண்டுவர இதைவிடச் சுலபமான வழி இல்லை.

நூலகவியலின் முதல் விதியே ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதுதான். அதை எழுதியவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் வந்த அவருடைய ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகவியல் வகுப்புகளில் இன்றும் படிக்கிறார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்ததை அந்தப் புத்தகத்தில் அவர் எடுத்துக்காட்டுவார். சங்கிலி போய் பீரோ வந்திருக்கிறது.

ஆள் வேண்டும்

சுற்றறிக்கையால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பள்ளி நூலகத்துக்குத் தகுதி பெற்ற நூலகர் வேண்டும் என்று யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பும் 1999-லேயே ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்தியாவில் இது நடக்காத காரியமும் இல்லை. கேந்திரிய வித்யாலயாக்களில் நூலகர் என்று தனிப் பணியிடம் இருக்கிறது, கால அட்டவணையில் நூலகப் பாடவேளையும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அது ‘கூடுதல் பொறுப்பு’. நூலகவியல் படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருப்பவர்கள் ஒரு பக்கம், நூலகர் இல்லாத பள்ளிகள் இன்னொரு பக்கம்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் நூலகர் நியமனம் என்றால் நிதித்துறை ஒத்துக்கொள்ளாது. ஆனால் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 1948-ல் சுதந்திர இந்தியாவில் முதல் மாநிலமாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது அன்றைய சென்னை மாகாணம். அதன்படி இன்றும் சொத்து வரியோடு சேர்த்து 10 விழுக்காடு நூலக வரி வசூலாகிறது. வீட்டு வரி ரசீதில் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பணத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் நடக்கின்றன. அவற்றை நடத்தும் பொது நூலக இயக்ககம் பள்ளிக்கல்வித் துறையின் கீழ்தான் வருகிறது. பள்ளிக்கூடமும் கிளை நூலகமும் ஒரே தெருவில் இருக்கும், ஒரே அமைச்சரின் கீழ் இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. கிளை நூலகர் வாரத்தில் இரண்டு மதியம் பள்ளிக்கு வந்து உட்காரலாம். மாதம் ஐம்பது புத்தகங்களைப் பள்ளிக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆறாம் வகுப்பில் சேரும்போதே பிள்ளைக்குப் பொது நூலக உறுப்பினர் அட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஆள் பற்றாக்குறை அங்கேயும் இருக்கிறது என்பது உண்மை. அதனால்தான் இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

கணக்கெடுப்பு முறையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளிகளைப் பற்றிய மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் அறிக்கைகளில் நூலகம், புத்தக வங்கி, வாசிப்பு மூலை மூன்றும் ஒரே தலைப்பில் சேர்ந்து வருகின்றன. வகுப்பறைச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பத்துப் புத்தகமும், நூலகர் இருக்கும் தனிக் கட்டிடமும் ஒரே ‘ஆம்’. தொடக்கப் பள்ளிக்கு வாசிப்பு மூலை போதும், அழகாகவும் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்கு? ‘இந்த வருஷம் எத்தனை புத்தகம் வீட்டுக்குப் போய் வந்தது?’ என்று ஒரே ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால் போதும், பல பள்ளிகளின் ‘ஆம்’ ஆட்டம் காணும்.

பழைய மாணவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், என்ன செய்யக் கூடாது. வீட்டைக் காலி செய்யும்போது மிஞ்சும் 2014-ம் வருஷத்து நுழைவுத் தேர்வு கைடுகளையும் பக்கம் கிழிந்த கம்ப்யூட்டர் புத்தகங்களையும் மூட்டை கட்டி, படித்த பள்ளிக்கு ‘நன்கொடை’யாக அனுப்பக் கூடாது. அவற்றையும் பாவம், அந்த ஆசிரியர் பதிவேட்டில் ஏற்றிப் பாதுகாக்க வேண்டியிருக்கும்.

பணம் கொடுக்க நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. பேசி மாற்ற நினைப்பவர்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2024-ல் மாற்றி அமைத்தபோது அதில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். சொந்த ஊருக்குப் போகும் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டத்துக்குப் போகலாம். ஸ்மார்ட் போர்டு, பெயின்ட், சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு மூன்று கேள்வி கேட்கலாம். லைப்ரரி எத்தனை மணிக்குத் திறக்கிறது? பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கும் அந்த பீரியட் உண்டா? வீட்டுக்குப் புத்தகம் கொடுக்கிறார்களா?

புத்தகம் வாங்கித் தருவதாக இருந்தால் பட்டியலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்குங்கள். அவர்கள் எழுதித் தரும் காகிதத்தில் ஒரு பேய்க் கதை, ஒரு கிரிக்கெட் புத்தகம், ‘ஆர்மியில் சேருவது எப்படி’, கோலப் புத்தகம் எல்லாம் இருக்கும். பெரியவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். அப்படியே வாங்கிக் கொடுங்கள். கூடவே, பீரோவுக்கு இன்னொரு சாவி போட்டு வகுப்பு லீடரிடம் கொடுக்க முடியுமா என்று ஹெச்.எம்-மிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.